கூடைக் கயிறு படும் இடம்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்திரண்டு வருடம் மருந்துசாலையில் இருந்தேன். உத்தியோகப் பெயர் தோட்ட வைத்திய உதவியாளர். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லோருக்கும் நான் ‘டொக்டரையா’. படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பெயர் மாறவில்லை. காய்ச்சல், அட்டைக்கடி, கவ்வாத்துக் கத்தி வெட்டு, குளவிக்கொட்டு, நடுராத்திரிப் பிரசவம், இவைதான் அன்றாடம். மூளைக்குள் கட்டி என்று வந்தவர்கள் அத்தனை வருடத்திலும் ஆறு பேர்தான். ஆனால் அந்த ஆறு பேரை நினைத்து விழித்திருந்த இரவுகள் அதிகம்.

2011 ஆகஸ்ட். கச்சான் காற்று லயத்துத் தகரங்களைத் தட்டிக்கொண்டிருந்த மாதம். காலை பத்து மணிபோல கங்காணி ஒரு பையனை ஓடவிட்டிருந்தார். “ஏழாம் நம்பர் மலையில ஒரு அம்மாவுக்குக் கை இழுக்குதுங்க ஐயா.” நான் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது வலிப்பு நின்றுவிட்டது. நாற்பத்தேழு வயது. கூடையைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, தேயிலைத் தூரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். வலது கை விரலில் தொடங்கி, முழங்கை, தோள் என்று ஏறி, வாய்க்கோடிவரை வந்திருக்கிறது. நினைவு தப்பவேயில்லை.

“யாரோ கையப் புடிச்சி ஆட்டுற மாதிரி இருந்திச்சிங்க ஐயா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

சுற்றி நின்றவர்கள் முனி அடித்திருக்கிறது என்றார்கள். நான் அவர்களோடு வாதாடவில்லை. பிறந்ததிலிருந்து வலிப்பே வராத ஒருவருக்கு நாற்பதைத் தாண்டிய வயதில், அதுவும் உடம்பின் ஒரே பக்கத்தில் ஓரிடத்தில் தொடங்கி வலிப்பு வந்தால், எதிர்ப்பக்க மூளையைப் படம் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த பழைய டொக்டர் ஒருவர் சொல்லிவைத்த பாடம் அது. அன்றே தோட்ட லொறியில் பதுளைக்கு அனுப்பினேன். ஸ்கேனில் இடது பக்க உச்சிக்குக் கிட்ட நாலு சென்டிமீட்டர் அளவில் உருண்டையாக ஒன்று தெரிந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு பெயரும் வந்தது: மெனின்ஜியோமா.

மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் முளைக்கிற கட்டி இது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1922இல் வைத்த பெயர். பெரும்பாலும் புற்று அல்ல. வருடக்கணக்கில் மெதுவாக வளரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. மருத்துவர்கள் இதைத் ‘தீங்கற்ற கட்டி’ என்று சொல்வார்கள். லயத்தில் அதை விளக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் கைகொடுத்தது. “ஒரு காம்பராவுல ஆறு பேர் படுக்கிறோம். ஏழாவதா ஒருத்தர் வந்து படுத்துக்கிறார். நல்லவர்தான், யாரையும் அடிக்கல, திருடல. ஆனா காம்பரா பெருசாகாதே. கடைசியில யாராவது ஒருத்தர் சுவரோட நசுங்கணும்.” மண்டையோடும் அப்படித்தான். இடம் கொடுக்காது. கட்டி நல்லதா கெட்டதா என்பதோடு, அது எந்த மூலையில் படுத்திருக்கிறது, யாரை நசுக்குகிறது என்றும் கேட்டாக வேண்டும்.

வார்த்தை விஷயத்தில் நான் இவ்வளவு கவனமானதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் பெரிய ஆஸ்பத்திரியொன்றில் எங்கள் தோட்டத்து மனிதர் ஒருவரிடம், அவர் மனைவிக்கு இருக்கிற கட்டியைப் பற்றி நல்ல செய்திதான் சொல்லியிருக்கிறார்கள். “கேன்சர் நெவெய்.” கேன்சர் இல்லை. அவருக்குச் சிங்களம் அவ்வளவு வராது. முதல் வார்த்தை மட்டும் காதில் விழுந்திருக்கிறது. சாகப் போகிறவளை எதற்கு அறுக்க வேண்டும் என்று இரவோடு இரவாக வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். வெளியில் யாரிடமும் சொல்லவுமில்லை. எட்டு மாதம் கழித்து அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டு மருந்துசாலைக்கு வந்தபோதுதான் எனக்கே தெரியும். பிறகு அறுவை நடந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. கால் பழையபடி வரவில்லை. அன்றிலிருந்து, தலைக்குள் என்று யாரை அனுப்பினாலும் ஒரு நாள் லீவு போட்டு நானும் கூடப் போவேன்.

அந்த நாற்பத்தேழு வயது அம்மாவோடு கண்டிக்குப் போனதும் அப்படித்தான். அறுவை மருத்துவர் பொறுமையான மனிதர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, தாளில் வரைந்து காட்டினார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். கட்டியைச் சுற்றி மூளை வீங்கியிருக்கிறது. வலிப்புக்கு மாத்திரை கொடுக்கலாம், வீக்கத்துக்கும் கொடுக்கலாம், ஆனால் மாத்திரையால் கட்டி கரையாது. விட்டால் வலது கை போகும். எடுத்தாலும் கை கொஞ்ச நாள் தளரலாம், அபூர்வமாக நிரந்தரமாகவே தளரலாம். ரத்தக் கசிவு, தொற்று, உயிராபத்து எல்லாமே குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. கட்டியின் ஓரம் உச்சியில் ஓடும் பெரிய ரத்தக் குழாயைத் தொடுகிறது. ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தத் துண்டை விட்டுவிடுவேன் என்றார்.

அப்படி மிச்சம் விடுவதன் கணக்கை 1957இலேயே டொனால்ட் சிம்ப்சன் என்ற மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். வேரோடும் உறையோடும் முழுதாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்குக் கட்டி திரும்ப வந்தது. ஒரு பகுதியை விட்டு எடுத்தவர்களில் 44 பேருக்கு வந்தது. இன்று கருவிகள் மாறிவிட்டன, படங்கள் தெளிவாகிவிட்டன. ஆனாலும் எவ்வளவு மிச்சம் விட்டோம் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. முழுதாக எடுக்கப் போய்க் கையைப் பறிப்பதைவிட ஒரு நகத்தளவு விட்டுவைத்து வருடா வருடம் பார்ப்பது மேல் என்று கண்டி டொக்டர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

“மூன்று மாதத்தில் வேலைக்குப் போகலாம்” என்று சிங்களத்தில் சொல்லி முடித்தார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. “சேர், இவங்க என்ன வேலை செய்றாங்கன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டேன். தேயிலை பறிப்பதுதானே என்றார். அந்த அம்மாவின் தோளில் கிடந்த துண்டை வாங்கி, முறுக்கி, அவர் தலையில் உச்சிக்குச் சற்று முன்னால் பதித்து, இரண்டு முனையையும் முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்துக் காட்டினேன். கூடைக் கயிறு படும் இடம் அது. அதில் பத்து, பன்னிரண்டு கிலோ பச்சைக் கொழுந்து தொங்கும். செங்குத்தான மலையில், அட்டையும் குளவியும் உள்ள இடத்தில், கூடை நிறைய நிறையத் தராசுக்கு நடந்து, காலையிலிருந்து மாலைவரை. முப்பது வருடமாக அந்தக் கயிறு அழுத்தி அழுத்தி அங்கே முடி மெலிந்துபோய் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. டொக்டர் எழுந்து வந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு படத்தை மறுபடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திறக்க வேண்டிய இடத்தை மாற்ற முடியாது, தோலைக் கீறும் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், தழும்பு கயிற்றுக்கு நேர்கீழே வராதபடி பார்க்கிறேன் என்றார். எடுத்த எலும்பைத் திரும்ப வைத்துப் பொருத்தினாலும் ஆறு மாதத்துக்குத் தலையில் எதுவும் தொங்கக்கூடாது. வலிப்பு முழுதாக நின்று நாளாகும்வரை சரிவான மலை வேண்டாம். எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார். அந்த எழுத்து இல்லாவிட்டால் தோட்டத்தில் இலேசான வேலை கேட்டு நிற்க முடியாது. அப்போது எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து ஒரு நாளுக்கு 515 ரூபா. வராத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. அறுவைக்கு ஒரு சதமும் வேண்டாம், அரசாங்க ஆஸ்பத்திரி. ஆனால் ஆறு மாதம் பேர் விழாமல் ஒரு குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்பதும் இந்த முடிவுக்குள்ளேதான் இருக்கிறது.

ஒரு வாரம் யோசிக்கிறேன் என்று அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். அந்த வாரத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கோத்தகிரியிலிருந்து அண்ணன் போன் எடுத்தார். ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன குடும்பம். வேலூருக்கு வா, அங்கேதான் மூளைக்கு நல்ல டொக்டர் என்றார். வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியதும், அடுத்த வருடமே சென்னையில் பி. ராமமூர்த்தி தொடங்கியதும் எனக்குத் தெரியும். பெரியவர்கள்தான். ஆனால் கொழும்பிலும் ஐம்பதுகளிலேயே ஷெல்டன் கப்ரால் தொடங்கி வைத்துவிட்டார். உச்சிப் பக்கம், வெளிச்சுவரோடு ஒட்டியிருக்கும் இந்த வகைக் கட்டி, மெனின்ஜியோமாக்களில் கத்திக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது. இதற்குப் பாஸ்போர்ட்டும் கடனுமாகக் கடல் தாண்ட வேண்டாம் என்று சொன்னேன். மண்டையோட்டின் அடித்தளத்தில், நரம்புகளுக்கு நடுவே இருந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

அந்த வாரம்தான் லெனர்ட் வூட் கதையைச் சொன்னேன். அமெரிக்கத் தளபதி. அவருக்கும் இதே வகைக் கட்டி, உச்சியில்தான். காலில் வலிப்பு. 1910 பெப்ரவரியில் குஷிங் எடுத்தார். நரம்பியல் அறுவை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த காலம்.

“அந்தத் தொரைக்கும் கைதான் இழுத்திச்சா?”

“இல்ல, கால்.”

“பொழச்சாரா?”

“பொழச்சார். அதே வருசம் பட்டாளத்துக்கே பெரிய பதவிக்குப் போனார்.”

அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதை நான் சொல்லவில்லை.

சம்மதப் படிவத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொன்னேன். ரேகை வைக்க மைப்பெட்டி கொண்டுவந்தார்கள். அவர் வேண்டாமென்றார். ஐந்தாம் வகுப்புவரை தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். “இந்தக் கையாலயே போடுறேனுங்க” என்று வலது கையால் பேனாவைப் பிடித்துப் பெயரை முழுதாக எழுதினார். அறுவைக்குப் பிறகு அந்தக் கை மூன்று வாரம் துவண்டு கிடந்தது. நான்காவது வாரம் தேநீர்க் கோப்பையைத் தூக்கினார். முதல் வருடத்தில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. கட்டியோடு வலிப்பும் வந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு அறுவைக்குப் பின் அது நின்றுவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மற்றவர்கள் மாத்திரையோடு வாழ வேண்டும். இவருக்கு மூன்று வருடத்தில் நின்றது. முதலில் நர்சரியில் கன்றுக்குப் பை நிரப்பினார். பிறகு தோளில் சாக்குப் பை மாட்டிக்கொண்டு தட்டையான மலையில் கொழுந்தெடுத்தார். கூடைக் கயிற்றைத் தலையில் திரும்பப் போடவேயில்லை.

இவர் கதை நல்லபடி முடிந்தது என்பதால் எல்லோரையும் நான் கத்திக்கு அனுப்பினேன் என்று நினைக்கக்கூடாது. மடுல்சீமைப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்த பாட்டி ஒருவர், அறுபத்தெட்டு வயது, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து தலையில் அடிபட்டார். அடிக்காக எடுத்த ஸ்கேனில் ஒன்றரை சென்டிமீட்டரில் ஒரு மெனின்ஜியோமா. சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருந்தது. டொக்டர் அறுவை வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம், பிறகு வருடத்துக்கு ஒரு தடவை போதும் என்றார். மகன்கள் இருவரும் அன்று மாலை என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார்கள். தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

“தோட்டத்துச் சனம்தானேன்னு கைவிட்டுட்டாங்க ஐயா. நாங்க தனியார்ல செய்யிறோம்.”

அந்தச் சந்தேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். வேண்டாம், இல்லை, நாளைக்கு வா என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கேட்டு வந்தது அது. வெட்டு என்று சொல்வதைவிட வெட்டாதே என்று சொல்லி நம்பவைப்பது எனக்குக் கடினமாக இருந்தது. நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் சாதாரண மக்களில் 2,000 பேரைப் படம் பிடித்து 2007இல் வெளியிட்டார்கள். சராசரி வயது அறுபத்துமூன்று. அவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இந்தக் கட்டி தலைக்குள் இருப்பது தெரியாமலே நடமாடிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னேன். வயதானவர்களுக்கு, அதுவும் கல்லாகிப் போனது, வளர்வது மிக மெதுவாக என்றும் சொன்னேன். பாட்டிக்கு இருபது வருடமாக இருந்த ஒற்றைத் தலைவலியை இந்தக் கட்டியின் தலையில் போட வேண்டாம், வெட்டினாலும் அது போகாது என்றும் சொன்னேன். இதையும் யாராவது முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். தலைவலி நிற்கும் என்று நம்பி மண்டையைத் திறந்துகொண்டு, பிறகும் அதே வலியோடு கிடப்பது பெரிய ஏமாற்றம். கொடியை மறுநாள் மீட்டார்கள். பாட்டி எண்பத்தோராவது வயதில் நிமோனியாவில் போனார். கல் அதுபாட்டுக்கு இருந்தது.

இன்னொருவரைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது பொய்யாகிவிடும். தொழிற்சாலையில் புளிக்கவைக்கும் அறையில் வேலை பார்த்தவர். அரைத்த இலை பச்சை வாடை மாறி, பழ வாசனை ஏறுகிற நிமிஷத்தை மூக்காலேயே சொல்லிவிடுவார். டீமேக்கர் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்பு இவர் முகத்தைப் பார்ப்பார். 2003இல் ஒருநாள் மருந்துசாலைக்கு வந்து, “ஐயா, இலை வாசம் தெரியல” என்றார். பீனிசம் என்று நினைத்து மூக்குக்குச் சொட்டு மருந்து கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து வந்தார், மறுபடி அதையே கொடுத்தேன். அடுத்த வருடம் வலது கண் மங்குகிறது என்றார். கண்ணாடி முகாமுக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பார்த்தால் அவரால் எழுத்தைப் படிக்க முடிந்தது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் தனியாகப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. படம் எடுத்தபோது முன்மூளைக்கு அடியில், வாசனை நரம்பின் மேல் உட்கார்ந்து, கண் நரம்புவரை வந்துவிட்டது கட்டி. அறுவையில் இடது கண் காப்பாற்றப்பட்டது. வலது கண்ணில் போன பார்வை போனதுதான். வாசனை திரும்பவில்லை. எப்போது வெட்டுவது என்ற கேள்வியை நான் இரண்டு வருடம் அவர் சார்பில், அவருக்குத் தெரியாமலே தள்ளிப்போட்டிருக்கிறேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வந்து கும்பிட்டுவிட்டுப் போவார். அந்தக் கும்பிடுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு மருந்துசாலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வாசம் தெரியவில்லை என்றவர்களுக்குக் காப்பித்தூளை ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் பிடித்துப் பார்த்தேன்.

2024இல் நான் ஓய்வு பெற்று வீட்டிலிருந்தபோது ஒரு செய்தி வந்தது. பிரான்சில் மெனின்ஜியோமாவுக்கு அறுவை செய்துகொண்ட 18,061 பெண்களை ஆராய்ந்திருக்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் போடும் மூன்று மாத ஊசி, டெப்போ, அதை ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்கு இந்தக் கட்டி வரும் வாய்ப்பு ஐந்தரை மடங்கு என்று தெரிந்தது. நான் பழைய கொப்பிகளைத் தூக்கிப் போட்டுத் தேடினேன். அந்த நாற்பத்தேழு வயது அம்மாவுக்கு இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஏழு வருடம் ஊசி போட்டிருக்கிறோம். பாதி தடவை போட்டவன் நான். அந்த ஊசியால்தான் வந்தது என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. ஊசியே போடாத பெண்களுக்கும் வருகிறது, ஆண்களுக்கும் வருகிறது. அபூர்வமான நோய் ஐந்து மடங்கானாலும் அபூர்வம்தான். லயத்துப் பெண்கள் பயந்துபோய் ஊசியை நிறுத்திவிட்டு வேண்டாத கர்ப்பத்தில் விழுந்தால் அது பெரிய ஆபத்து. ஹார்மோன் வைத்த லூப்பில் இந்த ஆபத்து தெரியவில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது, மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்டால் மாற்று வழி கிடைக்கும். ஆனால் கட்டி இருக்கிறது என்று படத்தில் வந்துவிட்ட பெண்ணிடம், ஊசி போடுகிறாயா என்று கேட்காமல் கத்தியைப் பற்றிப் பேசக்கூடாது. எங்கள் காலத்தில் அந்தக் கேள்வியே கிடையாது.

கொப்பியை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு அப்போது அறுபது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப உங்களுக்கும் தெரியாதுதானேங்க” என்றார். பிறகு, அடுத்த மாதம் கண்டியில் ஸ்கேன் இருக்கிறது, பெரிய ரத்தக் குழாயில் விட்ட மிச்சம் கொஞ்சம் வளர்ந்திருக்கும் போலிருக்கிறது என்று போன தடவை சொன்னார்கள், கூட வருகிறீர்களா என்று கேட்டார்.

மகியங்கனை வழி பஸ்ஸில் போனோம். பதினெட்டு வளைவில் பஸ் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அந்தத் தொரை கடைசியில என்ன ஆனாருங்க ஐயா?”

சொன்னேன். பதினேழு வருடம் நன்றாக இருந்தார். கட்டி திரும்ப வந்தது. பிலிப்பைன்ஸில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர், கால் இழுத்துக்கொண்டு போயும் வேலை இருக்கிறதென்று தள்ளிப்போட்டார். 1927 ஆகஸ்டில் குஷிங்கிடமே போனார். அந்த இரண்டாவது பெரிய அறுவைக்குப் பின் ரத்தம் கசிந்து இறந்துபோனார்.

“அன்னைக்கே இது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பயந்திருவேன்னு சொல்லலியா?”

“ஆமா.”

“பயந்திருப்பேன்தான்” என்றார். “ஆனா அப்பவும் கையெழுத்துப் போட்டுத்தான் இருப்பேன்.” பிறகு கண்டி வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கிளினிக்கில் புதிய டொக்டர், இளைஞர். படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி என்னிடம் பேச ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்த அம்மா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார். வார்டில் பக்கத்துக் கட்டில் பெண்களிடமும், பதின்மூன்று வருடம் கிளினிக் வரிசையிலும் பொறுக்கிய சிங்களம்.

“சேர், தெங் கொச்சர லொக்குத?”

இப்போது எவ்வளவு பெரிசு. டொக்டர் அவரைப் பார்த்தார். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் அளவைக் காட்டத் தொடங்கினார். நான் கிளினிக் கொப்பியை அவர் மடியில் வைத்தேன்.